ஏழே கால் வண்டியில் மரகதம்

வேப்பம்பட்டுக்கு ஏழே காலுக்கு வருகிற மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் நான்கு பேருடைய போனில் ஒரே ஆப் இருக்கிறது. படமும் தொடரும் காட்டுகிற ஆப். மூன்று பேருக்கு ரீசார்ஜோடு சேர்ந்து இலவசமாக வந்தது. இலவசக் காலம் முடிந்ததும் தூக்கிப் போட்டிருக்க வேண்டியதுதானே? போடவில்லை. காசு கட்டி வைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் அதில் ஒருத்தி, ஷேர் ஆட்டோக்காரன் வாடகையைக் கொஞ்சம் ஏற்றியதற்காக ஒரு மாதம் நடந்தே போனவள். ஆப் நடத்துகிற கம்பெனிக்காரர்களைக் கேட்டால் எங்கள் தொடர்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? நிஜமான காரணத்தின் பெயர் சொர்ணம். வேப்பம்பட்டில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குகிறவள்.

சொர்ணத்துக்கு நாற்பத்தேழு வயது. பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், எஸ்டேட் என்று எல்லாரும் சொல்கிற தொழிற்பேட்டைக்குள் ஒரு சட்டை கம்பெனியில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைக் கத்தரிப்பது, தையல் விட்டிருந்தால் ஒதுக்கி வைப்பது. அவளுடைய அப்பனும் அம்மாவும் வேப்பம்பட்டில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல்களில் இப்போது வரிசையாக வீடுகள். அதில் கடைசி வரிசைக்குப் பின்னால் சொர்ணத்தின் வீடும் ஒன்று. புருஷன் செங்கல்வராயன் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். மகன் அருள் திருமுல்லைவாயிலில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறான். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத குடும்பம்.

ஒரே ஒரு குறை உண்டு, அதைக் குறை என்று அவளே நினைத்ததில்லை. அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடிக்க விட்டதில்லை. சொர்ணத்துக்கு நிதானமாகப் பேசித்தான் பழக்கம். கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதென்றால் எந்த வழியாகப் போனாள், எதிரில் யார் வந்தார்கள், அவர்கள் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்று தொடங்குவாள். புடவைக்கு வருவதற்குள் செங்கல்வராயன், "சரிமே, சக்கரை வாங்கினியா இல்லியா, அத்தச் சொல்லு" என்று முடித்துவிடுவான். கம்பெனியிலோ பேசினால் சூப்பர்வைசர் முறைப்பார். இப்படியே இருபத்தைந்து வருஷம் பாதி பாதியாகப் பேசியே ஓட்டிவிட்டாள்.

போன தீபாவளிக்கு அருள் புது டி.வி. வாங்கி வந்தான். பட்டறையில் கூட வேலை செய்கிற நண்பனின் பாஸ்வேர்டைப் போட்டு அந்த ஆப்பையும் அதில் திறந்து வைத்தான். செங்கல்வராயன் இரண்டு நாள் பார்த்துவிட்டு மறுபடி செய்திச் சேனலுக்கே போய்விட்டான். மகனுக்குப் போனே போதும். ஆக, சாயங்காலம் உலையை வைத்துவிட்டு வந்து உட்காரும் சொர்ணத்துக்குத்தான் அது வாய்த்தது. முதலில் தொட்டது ஒரு போலீஸ் தொடர். மலை மேலிருக்கிற ஒரு ஊருக்கு மாற்றலாகி வரும் பெண் இன்ஸ்பெக்டர், காணாமல் போன ஒரு ஆள், அவனைத் தேடுகிற கதை. பாகம் முடிந்தது, எழுந்து சோறு வடிக்கலாம் என்று முழங்காலில் கை ஊன்றுவதற்குள் அடுத்த பாகம் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். அது செய்கிற பெரிய வசியமே அதுதான். இரண்டு நாள் சோறு குழைந்தது. அதன் பிறகு சோற்றை வடித்துவிட்டு உட்காரப் பழகிக்கொண்டாள், ஒரு நாளைக்கு ஒன்று என்று.

ரயிலில் அவளுக்கு ஒரு கூட்டு உண்டு. அன்னம்மாள், அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அறுபதை நெருங்குகிறவள், இரண்டு முட்டியும் போனவள். நாகம்மா, எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்பவள். ஆட்டோக்காரனோடு மல்லுக்கு நின்றது இவள்தான். இந்த இருவரும் அடுத்த ஸ்டேஷனான திருநின்றவூரில் ஏறுவார்கள். கனிமொழி ஆவடியில் ஏறுவாள். கரூர்க்காரி, வெள்ளானூரில் அடுக்கு வீட்டில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள், எஸ்டேட்டில் ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். வேப்பம்பட்டில் ஏறினால் எப்படியும் உட்கார இடம் கிடைக்கும், திருநின்றவூரில் கிடைக்காது. அதனால் சொர்ணம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஸ்டேஷன் வரை காப்பாற்றி அன்னம்மாளை உட்கார வைப்பாள். இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகள் ஏராளம். அவ்வளவு சாதுவான சொர்ணம் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் மசிய மாட்டாள்.

ஒரு நாள் அண்ணனூர் தாண்டி சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். பூத் தொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பூ தீர்ந்தது. அன்னம்மாள் கொட்டாவி விட்டுவிட்டு, "எதுனா பேசேன்டி சொர்ணம், தூக்கம் தூக்கமா வருது" என்றாள். சொர்ணம் அந்தப் போலீஸ்காரம்மா கதையை ஆரம்பித்தாள். தன் வழக்கப்படி மெதுவாக, மலை ஏறுகிற பஸ்ஸில் எந்த வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினாள். யாரும் 'சக்கரை வாங்கினியா' என்று கேட்கவில்லை. வண்டி கிளம்பியது கூடத் தெரியவில்லை. அம்பத்தூரில் இறங்க வேண்டிய அன்னம்மாள் பட்டரவாக்கம் வரை வந்துவிட்டு, திட்டிக்கொண்டே எதிர் வண்டி பிடித்துத் திரும்பிப் போனாள்.

அன்று முதல் அதுவே வழக்கமானது. சாயங்காலம் ஒரு பாகம் பார்ப்பாள், காலையில் அதைச் சொல்வாள். வேப்பம்பட்டிலிருந்து பட்டரவாக்கம் வரை ஆகிற நேரமும் ஒரு பாகத்தின் நேரமும் ஏறக்குறைய ஒன்று. பாதியில் ஏறுகிற கனிமொழிக்கு விட்டுப்போனதை நாகம்மா இரண்டு வரியில் சொல்லி வைப்பாள். அந்தக் கதையில் மரகதம் என்று ஒரு டீக்கடைக்காரி வருவாள். தொடரில் சின்ன வேஷம்தான். இன்ஸ்பெக்டருக்கு டீ கொடுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள், அவ்வளவு. ஆனால் ரயிலில் எல்லாருக்கும் பிடித்துப்போனது அவளைத்தான். "போலீஸ்காரம்மா கெடக்கட்டும், மரகதம் இன்னா சொன்னா, அத்தச் சொல்லு" என்பாள் நாகம்மா.

நாலு பாகம் ஆயிற்று. ஐந்தாவதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் டி.வி. பாஸ்வேர்டு கேட்கிறது. அருளின் நண்பன் மாற்றிவிட்டான். ஊரெல்லாம் அவன் பாஸ்வேர்டில் பார்த்தால் அவன்தான் என்ன செய்வான்?

"அடுத்த மாசம் நானே போட்டுத் தர்றேம்மா" என்றான் அருள்.

அடுத்த மாதம் இருக்கட்டும், நாளைக் காலையில் அன்னம்மாளிடம் என்ன சொல்வது? 'நின்றுவிட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். சொல்லலாம் என்றுதான் வண்டி ஏறினாள். திருநின்றவூரில் அன்னம்மாள் வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உம், ஆரம்பி" என்றாள். நாகம்மா எப்போதும்போல் காலடியில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். அந்த இரண்டு முகங்களைப் பார்த்ததும் சொர்ணத்துக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. இன்று ஒரு நாள் சமாளிப்போம் என்று வாயைத் திறந்தாள்.

கொலை, துப்பாக்கி எல்லாம் அவளுக்கு வராது. ஆகவே இன்ஸ்பெக்டரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, மரகதத்தையும் பக்கத்தில் உட்கார வைத்து, இருவரையும் பேச விட்டாள். முட்டி வலியைப் பற்றி. மலை ஊரில் குளிருக்கு வலி அதிகம் என்றாள் மரகதம். நின்று நின்று தனக்கும் வலிதான், மேலதிகாரி முன்னால் உட்கார முடியுமா என்றாள் இன்ஸ்பெக்டர். அம்பத்தூர் வரை அந்தப் பேச்சிலேயே போயிற்று, ஒரு சம்பவமும் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்று சொர்ணம் பயந்துகொண்டிருக்க, அம்பத்தூரில் இறங்கும்போது அன்னம்மாள், "இன்னிக்குத்தான்டி கதை ஷோக்கா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகென்ன, பிடி கிடைத்துவிட்டது. பகல் முழுக்கப் பிசிறு வெட்டிக்கொண்டே மறுநாளுக்கு மரகதத்தை என்ன செய்ய வைக்கலாம் என்று யோசிப்பாள். மரகதத்தின் புருஷன் கடைக் கல்லாவில் கை வைத்தான். மரகதம் ஒரு நாள் பொறுத்தாள், மறுநாள் அவனைக் கரண்டியோடு துரத்தினாள். கடையைப் பறிகொடுத்தாள். இன்ஸ்பெக்டர் சிபாரிசில் போலீஸ் குடியிருப்பில் கேண்டீன் எடுத்தாள். நாகம்மாவின் கட்டடத்தில் நாய் மாதிரி வள்ளென்று விழுகிற ஒரு மேஸ்திரி இருந்தான். அவனை அப்படியே மலைக்கு அனுப்பி மரகதத்திடம் இட்லி சரியில்லை என்று சொல்ல வைத்து, அவள் வாயால் நாறடித்தாள். நாகம்மா கைதட்டியே விட்டாள். காணாமல் போன ஆளை யாரும் தேடவில்லை. அவன் எங்கே போனானோ, ஒருவரும் கேட்கவில்லை. வேலை நேரம் ஓடியதே சொர்ணத்துக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதெப்படி யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றால், எல்லாம் டி.வி. சீரியல் பார்த்து வளர்ந்த கூட்டம். ஒரு சீரியல் ஐந்து வருஷம் ஓடும், நடிகை மாறுவாள், செத்தவர் திரும்பி வருவார். எட்டு பாகத்தில் முடிந்துவிடும் கதை ஒன்று உலகத்தில் உண்டு என்று அன்னம்மாளுக்கும் நாகம்மாவுக்கும் எப்படித் தெரியும்? சொர்ணத்துக்கே தெரியாது! தெரிந்திருக்க வேண்டிய கனிமொழியோ வேறு ஆப் வைத்திருந்தாள், அதில் வேறு தொடர்கள். "நல்லா நீளமா எடுத்திருக்காங்கக்கா" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தது வினை. நாகம்மா புதிதாக ரீசார்ஜ் செய்திருந்தாள். அதற்கு வந்த செய்தியைக் காட்டி, "இன்னா கனி இது, இன்னாமோ இலவசம்னு போட்டுகீது" என்று போனை நீட்டினாள்.

கனிமொழி வாசித்தாள். "நாகம்மாக்கா, இது சொர்ணக்கா பார்க்கிற அதே ஆப்! உங்களுக்கு மூணு மாசம் சும்மாவே வரும்." அங்கேயே நின்றுகொண்டு இறக்கித் தந்தாள். அன்னம்மாளின் போனையும் வாங்கிப் பார்த்தாள், அதற்கும் அதே திட்டம். "எனக்கும் அடுத்த ரீசார்ஜ் இதுலயே போட்டுக்கறேன். அக்கா சொல்லிச் சொல்லி எனக்கு மரகதத்தை எப்படா பார்ப்போம்னு இருக்கு."

"ஞாயித்துக்கெழமை மூணு பேரும் எங்கூட்டாண்ட வாங்கடி" என்றாள் அன்னம்மாள். "டி.வி.ல போட்டு மொத்தத்தையும் பாத்துடலாம். மரகதம் மூஞ்சி எப்படிக் கீதுன்னு பாக்கணும் எனக்கு."

சொர்ணம் அவசரமாகக் குறுக்கிட்டாள். "ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்கு ஒறம்பர வர்றாங்க" என்று வராத விருந்தாளிகளைக் காட்டி ஒரு பொய்யைச் சொன்னாள். அன்றைய கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைவலி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அருளைப் பிடித்துத் தன் போனில் ஆப்பைப் போட வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே காசு கட்டினான். மீன் குழம்பைக் கொதிக்க விட்டு, போனை உப்பு டப்பா மேல் சாய்த்து வைத்து ஐந்தாம் பாகத்தைப் போட்டாள். எங்கேயாவது ஒரு மூலையிலாவது தான் சொன்னது போல் ஒன்றிரண்டு இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. ஐந்தாம் பாகத்தின் நடுவில், எதையோ பார்த்துவிட்டாள் என்பதற்காக, மரகதத்தை ராத்திரி மலைப்பாதையில் காரால் இடித்துத் தள்ளிவிட்டார்கள். கீழே பள்ளத்தில் ஒரு செருப்பைக் காட்டினார்கள். அடுத்த காட்சியில் இன்ஸ்பெக்டர் வேறு கடையில் டீ குடித்தாள்.

சொர்ணம் அடுப்படியில் நின்று அழுதாள். நாளைக்குத் தன் மானம் போகப்போகிறதே என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. மரகதம் செத்துப்போய்விட்டாள், அதுவும் இவ்வளவு சுலபமாக. கடைசியில் ஓடிய பெயர்களைப் பார்த்தாள். வரிசை வரிசையாக, மேலே போய்க்கொண்டே இருந்தன. இத்தனை பேர் இருந்தும் ஒருவர் கூடவா வேண்டாம் என்று சொல்லவில்லை?

"இன்னாமே, கொழம்பு அடி புடிக்குது, நீ அழுதுகினு கீறே?" என்று வந்து எட்டிப் பார்த்தான் செங்கல்வராயன். போனைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, அடுப்பை அவனே அணைத்துவிட்டுப் போனான்.

மானம் பற்றிய கவலை சாயங்காலம் வந்தது. இந்நேரம் திருநின்றவூரில் மூன்று பேரும் பார்த்து முடித்திருப்பார்கள். பொய்க்காரி என்று கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். அன்னம்மாள் இரண்டு முறை போன் அடித்தாள், சொர்ணம் எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஏழே கால் வண்டிக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய வண்டியில் ஏறிக்கொண்டாள். இடம் கிடைத்தது. பக்கத்து இடத்தில் பையை வைக்கத் தன்னால் போன கையை இழுத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி வந்து உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கம்பெனி கதவு திறக்க நேரம் இருந்தது, வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பிசிறு வெட்டுவது வெறும் பிசிறு வெட்டுவதாக இருந்தது. மணி நகரவே இல்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. மறுபடியும் ஒரு பேச்சை முழுசாகப் பேச ஆள் இல்லாதவளாகிவிட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நினைப்பு பொறுக்க முடியாததாக இருந்தது. முன்பு தெரியாமல் இருந்தாள், ருசி கண்டபின் எப்படி இருப்பது?

புதன்கிழமையும் அதே முந்தைய வண்டி. திருநின்றவூரில் நின்றதும் வாசலில் ஒரு தள்ளுமுள்ளு. "நவுருங்கம்மா, முட்டி வலிக்காரி வர்றா, நவுரு" என்று நாகம்மாவின் குரல். பின்னால் அன்னம்மாள். சொர்ணம் ஜன்னலுக்குள் புகுந்துவிட முடியுமா என்று பார்த்தாள்.

"கீறாக்கா, இங்கதான் கீறா" என்றாள் நாகம்மா. "கதவு தொறக்கறதுக்கு முன்னயே கம்பெனி வாசல்ல கல்லு மேல குந்திகினு கீறான்னு உங்கூட செக்கிங் வேல செய்யற ஷோபனா சொல்லலைன்னா, இந்த வண்டின்னு எப்படித் தெரியும்?"

சொர்ணம் எழுந்து இடத்தை விட்டாள். அன்னம்மாள் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "ரெண்டு நாளா ஆவடி வரிக்கும் நின்னுகினே வர்றேன். எனக்கு சீட்டுப் போடணும்னு நெனப்பு கீதா உனுக்கு?"

"தப்புதான்க்கா."

"போனு எடுத்தா இன்னா?"

சீட்டோடு விடுவார்களா, கதை விஷயம் இன்னும் இருக்கிறதே என்று சொர்ணம் காத்திருந்தாள். அன்னம்மாளோ, "கனி வரட்டும்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து கல்லூரி. ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. சொர்ணத்துக்கு முள்மேல் நிற்பது போலிருந்தது.

ஆவடியில் கனிமொழி ஏறினாள். சீக்கிரம் எழுந்த கோபம் முகத்திலேயே தெரிந்தது, தலைமுடி ஈரம் காயவில்லை. நேராக வந்து, "ஏன்க்கா, கேண்டீன் எங்கக்கா?" என்றாள். "எட்டு எபிசோடும் பார்த்தேன். திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். அந்த இட்லி சரியில்லைன்னவனைக் கூடக் காணோம்."

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"எனக்குக் கோவம்தான் வந்துச்சு" என்றாள் நாகம்மா. "எங்க பில்டிங்ல கூட வேல செய்யறவளுங்ககிட்ட எல்லாம் மரகதம் கதையச் சொல்லி வெச்சிகீறேன். நாளைக்கு அவளுங்க பாத்தா எம் மூஞ்சில காறித் துப்ப மாட்டாளுங்களா?"

"அத்த வுடு" என்றாள் அன்னம்மாள். "இந்தா சொர்ணம், இப்படிப் பாரு. நாங்க மூணு பேரு, எம் மருமவ ஒருத்தி, நாலு பேரு சோத்தத் தட்டுல போட்டுகினு குந்திகினு கீறோம். அவளத் தள்ளி உட்டுட்டானுங்க. கையில சோறு அப்படியே நின்னு போச்சு. நாலு பேரும் அழுவறோம். ஒரே ஒரு செருப்பக் காட்டுறான். அவ்ளோதானா அவ? போலீஸ்காரி அடுத்த கடையில டீ குடிக்கிறா! வெக்கமா இல்ல அவளுக்கு?"

"நானும் அழுதேன்க்கா" என்றாள் சொர்ணம்.

"அழுவ மாட்டியா பின்ன?"

கொஞ்ச நேரம் நால்வரும் மரகதத்துக்காகத் துக்கம் கொண்டாடினார்கள். பிறகு கனிமொழி மெல்ல, "அது அவங்க எடுத்த கதை" என்றாள். "வெள்ளிக்கிழமை நீங்க தலைவலின்னு நிறுத்தினப்ப மரகதம் உயிரோடதானே இருந்தா? அதுக்கப்புறம் என்னாச்சுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

சொர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் செய்கிறாளோ என்று முதலில் சந்தேகம். கனிமொழியின் முகத்தில் கிண்டல் இல்லை. அன்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாகம்மா கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அதான் எல்லாம் பொய்னு தெரிஞ்சு போச்சே" என்றாள் சொர்ணம்.

"அவன் சொன்னது மட்டும் நெசமா?" என்றாள் அன்னம்மாள். "அவனும் உக்காந்து யோசிச்சுதானே எழுதனான்? இனிமே அவன் எடுத்தத வூட்ல பாப்போம், நீ திருத்திச் சொல்றத இங்க கேப்போம். நீ ஆரம்பி. அந்த ராத்திரி அவ மலைப்பாதையில போனாளா இல்லியா, மொதல்ல அத்தச் சொல்லு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

சொர்ணத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, மேலே தொங்கும் பிடியைப் பிடித்து வசதியாக நின்றுகொண்டாள். வண்டி அண்ணனூரைத் தாண்டியது.

"போவல" என்றாள். "பொறப்படத்தான் பொறப்பட்டா. செருப்பு மாட்டிகினு, சால்வையச் சுத்திகினு, கேண்டீனப் பூட்டிகினு. பச்சக் கலர் சால்வ, போலீஸ்காரம்மா குடுத்தது. அப்ப பாத்து உள்ள அடுப்புல பால் வெச்சது நெனப்பு வந்துச்சு. திரும்பிப் போயிட்டா. அந்தக் கார்க்காரன் அங்க வளைவுல காத்துகினே கெடக்கறான், கெடக்கறான்..."

"கெடக்கட்டும் கட்டேல போறவன்" என்றாள் நாகம்மா.

"பால இறக்கி வெச்சா. கதவத் தட்டுற சத்தம். யாருன்னு பாத்தா..."

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண், திருமுல்லைவாயிலில் இறங்க வேண்டியவள் போலிருக்கிறது, வாசல் பக்கம் நகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர் சீட்டில் காதில் மாட்டியிருந்ததை ஒருத்தி கழற்றினாள். நின்றவள் குனிந்து அன்னம்மாளிடம், "யாரும்மா அந்த மரகதம், சொந்தக்காரங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அன்னம்மாள் சொர்ணத்தின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நமக்கு வேண்டியவ ஒருத்தி" என்றாள். "மலை மேல கேண்டீன் வெச்சிகீறா. செத்த சும்மா இரும்மா, கதவ யாரோ தட்டுறாங்க."